பரிவட்டம் கட்டிய தலை

அரிமளத்துக்கு மேற்கே, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலிங்கைப் புதிதாகக் கட்டியவர் ஓவர்சியர் ஆத்மநாதன். சுண்ணாம்பு இறுகும் முன் தண்ணீரைத் தேக்க வேண்டாமென்று மேலதிகாரியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, வாயை மூடும் என்றார் அதிகாரி. மூடிக்கொண்டார். விழாவன்று ஐயனார் கோயிலில் ஊரார் பரிவட்டம் கட்ட வந்தபோதும் பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கலிங்கில் விரிசலைக் கண்டதும் ஆத்மநாதன் கரைக்குக் கீழே இருந்த குடிசைகளுக்கு ஓடினார்.

"எல்லாரும் மேட்டுக்குப் போயிருங்க! கலிங்கு தாங்காது!"

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த இருளாயி சிரித்தாள். "நீங்க கட்டுனது தாங்காதாக்கும்? யாருகிட்டயும் கை நீட்டாத மனுசரு நீங்க."

"சுண்ணாம்பு காயலை ஆத்தா. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். நான் நல்லவன் இல்லை."

அவள் புருஷன் மலையாண்டி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "நல்லவங்க இப்படித்தான் பேசுவாங்க. நனையாம உள்ள வாங்க."

எவ்வளவு கெஞ்சியும் ஒருவரும் அசையவில்லை. கரைக்கு மேலே தண்ணீர் இரைந்தது. இருளாயி அவருக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டாள்.