வாளிக்குப் போன கீரை

தையல்காரருக்குக் கீரை என்றாலே வேப்பங்காய். அவர் மனைவிக்கோ கிணற்றடிப் பாத்தியில் கீரை தளதளவென்று நின்றால்தான் நிம்மதி. பாவம் மனுஷன், அவள் முகம் வாடக்கூடாதென்று "நல்லாருக்கு" என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமாக விழுங்கிவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்துப் பெண் மூடிபோட்ட வாளியோடு வந்தாள். நைட்ரேட் என்கிற உப்பு தண்ணீரில் மிஞ்சினால் கெடுதலாம்; தண்ணீரிலிருந்து அது எவ்வளவு உடம்புக்குள் போகிறது, சாப்பாட்டிலிருந்து எவ்வளவு என்று கணக்கெடுக்கிறார்களாம். ஒரு வாரம் அவர் என்ன சாப்பிட்டாலும், குடித்தாலும், அதே அளவு வாளிக்கும் போட வேண்டும்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று தையல்காரருக்கு. மனைவி வேலைக்குப் போனதும் கீரையில் வாளியின் பங்கையும் தன் பங்கையும் சேர்த்து வாளிக்கே படைத்தார். இப்படியொரு சுகமான வாரம் அவர் கண்டதில்லை.

வாளியை எடுத்துப்போன பெண் சில நாளில் திரும்பி வந்தாள்.

"நைட்ரேட் ரொம்ப அதிகமா இருக்குங்க," என்றாள்.

மனைவி கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவர் தோண்ட, அவள் மண் சுமக்க, இருவருமாக வெட்டிய கிணறு.

"மூடச் சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள்.

தையல்காரர் பாடு திண்டாட்டம். வாயைத் திறந்தால் தன் மானம் போகும், திறக்காவிட்டால் கிணறு போகும்.

"கிணத்து மேல தப்பில்ல. என் கீரையும் வாளிலதான் இருக்கு. எனக்குக் கீரையே ஆகாது, எப்பவுமே ஆகாது," என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

ஆய்வுக்கூடத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கிணத்துத் தண்ணிய வாளி வச்ச அன்னிக்கே தனியா எடுத்துப் பாத்துட்டோம். அதுல நைட்ரேட் ரொம்பக் கம்மி. எல்லாம் கீரையிலேருந்து வந்ததுதான். ஒரு ஆளு இவ்வளவு தின்ன முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். அந்தப் பெண் புது வாளியை வைத்துவிட்டு, "வழக்கமா சாப்பிடறத மட்டும் போடுங்க," என்று நடையைக் கட்டினாள்.

மதியம் தட்டு வந்தது. கீரை இல்லை.

"வழக்கம் மாறிடுச்சு," என்றாள் மனைவி. கோபம் இல்லை. எதிரே உட்கார்ந்து தன் கீரையைத் தனியாகச் சாப்பிட்டாள்.

தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு கரண்டி வையேன்."

அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வாளிக்கா, வாய்க்கா?"