நிலா வந்த வழி

மருதாசலம் சார் கோப்பைத் திறந்ததும் தெய்வம்மாவுக்குத் தானாக முதுகு கூனியது. கோப்பு என்றாலே அப்படித்தான். கண்டியிலும் சரி, மண்டபம் முகாமிலும் சரி, யாராவது ஓர் ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்து கோப்பைத் திறப்பார், சிலோனிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இவர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பார்கள். ஆனால் இன்றைக்கு அவள் நிற்பது கரும்பலகைக்குப் பக்கத்தில். அதை நினைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள்.

எண்பத்தைந்தாம் வருஷம். குன்னூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முதியோர் கல்வி வகுப்பு தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கிய கையோடு இருபத்திரண்டு பெண்கள் லேபர் கிளப்புக்கு வந்து உட்காருவார்கள். தெய்வம்மாதான் சொல்லிக்கொடுத்தாள், தற்காலிகமாக. இன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மேற்பார்வையாளர் மருதாசலம் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு "தகுதி" என்று எழுதினால் அவள் ஆசிரியை. இல்லையென்றால் வகுப்பு தோட்டத்து ஹெட் கிளார்க்கின் மச்சினிக்குப் போய்விடும். மச்சினிக்கு வீடு குன்னூர் டவுனில். அட்டைக் கடிக்குப் பயந்து இதுவரை தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

தெய்வம்மா சிலோனில், அட்டன் ஊரில், இங்கத்துப் பத்தாம் வகுப்பு மாதிரியான சாதாரண தரம் தேறியவள். ஆறு பாடம், அதில் விஞ்ஞானத்துக்கு விசேட சித்தி, மிக உயர்ந்த தேர்ச்சி. கப்பலேறி வந்த பெட்டியில் அந்தச் சான்றிதழ்தான் மேலே இருந்தது. இங்கே அதை நீட்டிய இடத்திலெல்லாம், "இது இங்க செல்லாதுங்க" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கொழுந்து பறித்தாயிற்று. படித்த படிப்பு அட்டைப்பெட்டியில் கிடந்து மக்கிப்போவதைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"பதினோராம் பக்கம் நடத்துங்கம்மா. நிலாப் பாடம்" என்றார் மருதாசலம்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்தப் பாடத்தை அவள் வேண்டுமென்றே தாண்டி வைத்திருந்தாள். என்ன செய்வது? ஆபீசர் சொன்னால் நடத்தத்தானே வேண்டும். வாசித்தாள். "நிலா எங்கிருந்தோ அலைந்து வந்தது. பூமியின் பிடியில் மாட்டிக்கொண்டது. அன்று முதல் பூமியைச் சுற்றி வருகிறது."

மருதாசலம் முன்வரிசையில் இருந்த வேலாயியைப் பார்த்துக் கோப்பைத் தட்டினார். "ஏனுங்கம்மா, சொல்லுங்க பார்க்கலாம். எங்கிருந்து வந்துச்சு?"

வேலாயி சடக்கென்று எழுந்தாள். முக்காட்டை எடுத்தாள். கண்ணைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். "தலைமன்னாருல கப்பலுங்க, ராமேஸ்வரத்துல எறங்கினதுங்க, மண்டபம் கேம்ப்புல பதினோரு நாளுங்க, குடும்பத்துல ஆறு பேருங்க, ஒரு புள்ள செத்துப்போச்சுங்க."

கோப்போடு ஒருவர் எங்கிருந்து என்று கேட்டால் அந்த வாய்க்கு வேறு பதில் தெரியாது. எத்தனை மேசைக்கு முன்னால் நின்று எத்தனை தடவை சொன்ன பதில் அது! ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. மருதாசலம் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, அதுவும் சரிதானுங்க! நிலாவும் உங்களையாட்டத்தான். எங்கிருந்தோ வந்து இங்க மாட்டிக்கிச்சு."

கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வேலாயியின் முகம் சுண்டிப்போனதைத் தெய்வம்மா பார்த்துவிட்டாள். அங்கே சிலோனில் இருந்தவரைக்கும் இந்தியாக்காரி, கள்ளத்தோணி. இங்கே வந்தால் சிலோன்காரி. இப்போது ஆகாசத்து நிலாவையும் கூட்டுச் சேர்த்தாயிற்று. தெய்வம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் தலைக்கேறியது. புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள்.

"சார், இது தப்புங்க. நிலா எங்கிருந்தோ வரலைங்க."

"புத்தகத்துல போட்டிருக்குதுங்களே?"

"புத்தகம் பழசுங்க. நான் லைப்ரரியில புதுசா வந்ததைப் படிச்சிருக்கேன்."

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மைல் நடந்து குன்னூர் நூலகத்துக்குப் போகிறவள் அவள். அங்கே ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த கட்டுரையை வரி விடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அவள் மருதாசலத்தை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நிலாவுக்குப் போனவங்க அங்கேருந்து கல்லு எடுத்துட்டு வந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா, அந்தக் கல்லுல இருக்கிற ஆக்சிஜனும் நம்ம பூமிக் கல்லுல இருக்கிற ஆக்சிஜனும் அச்சு அசலா ஒரே வகை. வேற எங்கேயோ பொறந்து வந்ததுன்னா எப்படி ஒண்ணா இருக்கும்?"

"அப்ப எப்படித்தான் வந்துச்சு?" என்றாள் வேலாயி. அவள் இன்னும் உட்காரவில்லை.

"நானூத்தைம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி, பூமி பச்சப் புள்ளையா இருந்தப்போ, செவ்வாய் அளவுக்கு ஒரு உருண்டை வந்து மோதிடுச்சு. சாதாரண மோதல் இல்ல, பூமியே உருகிப்போற மோதல். நாம ரொட்டிக்கு மாவு பிசையிறோமே, ரெண்டு உருண்டையை ஓங்கி அடிச்சா ரெண்டு மாவும் கலந்து சிதறுமில்ல? அப்படிச் சிதறினது பூமியைச் சுத்தி நெருப்பு வளையமா நின்னுச்சு. அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரண்டதுதான் நிலா. வந்து மோதினதும் அதுல கலந்திருக்கு, நம்ம மண்ணும் கலந்திருக்கு. கனமான இரும்பெல்லாம் பூமிக்குள்ள முங்கிப்போச்சு. அதனாலதான் நிலாவுல இரும்பு கம்மி. அந்தச் சூட்டுல தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடுச்சு. கல்லு அவ்வளவு காஞ்சு கெடக்கு."

"அப்போ நெலாவும் கொதிச்சுச்சா?" என்றாள் வேலாயி.

"பின்ன? மேலெல்லாம் உருகின கல்லு, கடல் மாதிரி. உலை கொதிக்கிறப்போ நுரை மேல வருதில்ல, அப்படி லேசான கல்லு மேல மிதந்து வந்து வெள்ளையா ஆடை கட்டிச்சு. அதைத்தான் நாம வெளிச்சமாப் பாக்கிறோம். அதுக்கப்புறமும் சும்மா விடல. பெரிய பெரிய கல்லா வந்து விழுந்து குழி பறிச்சுது. உள்ளேயிருந்து கறுப்புக் குழம்பு பொங்கி அந்தக் குழியை ரொப்பி இறுகிப்போச்சு. நாம முயல்னு சொல்றோமே, அதுதான்."

வேலாயி வாயில் கை வைத்தாள். "அம்மாடி, அத்தனை அடியா!"

மருதாசலத்துக்கு இப்போது சிரிப்பு இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "தெய்வம்மா, நீங்க நல்லாத்தான் பேசறீங்க, இல்லைன்னு சொல்லலைங்க. ஆனா என்ர வேலை புத்தகத்துல இருக்கறதை நடத்தறாங்களான்னு பார்க்கறது. அந்த ஒத்தை வரியைப் புத்தகத்துல இருக்கறபடியே ஒருக்கா சொல்லிப்போடுங்க. நானும் தகுதின்னு எழுதிப்போட்டு ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சுக்கறேன்."

வாசலில் அவள் புருஷன் வீரையா நின்றிருந்தான். ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து தேயிலைத் தூளோடு அப்படியே ஓடி வந்தவன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஒரே ஒரு வரி. சொன்னால் நாளைக்கு மழையில் கூடை கட்ட வேண்டாம். ஒன்பது வருஷமாக அவள் கும்பிட்டுக் கேட்ட வரம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அவளுக்கு ஆசை இல்லாமலா? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வேலாயியைப் பார்த்தாள். முடியவில்லை.

"சொல்லமாட்டேங்க" என்றாள். "தெரிஞ்சே ஒரு பொய்யை இவங்களுக்குக் கத்துக் குடுக்கமாட்டேன்."

வீரையா தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்படீங்களா? நீங்க நடத்தின லட்சணத்தையும் பார்த்துப்போடலாம்" என்று மருதாசலம் கடைசி வரிசைப் பக்கம் கையை நீட்டினார். "நீங்க சொல்லுங்க ஆத்தா. நிலா எங்கிருந்து வந்துச்சு?"

மூக்கம்மா எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் பெரியவாய்க்காரி. மேஸ்திரியே அவளிடம் எண்ணித்தான் பேசுவான்.

"வரலீங்களே" என்றாள். "இங்கேருந்துல்ல போச்சு. எங்க தாத்தன் துறையூருல இருந்து கண்டிச்சீமைக்குப் போன மாதிரி. போனதுங்களை எங்கிருந்து வந்தேன்னு கேட்டா, அது என்னத்தைச் சொல்லும்?"

கிளப்பே கொல்லென்று சிரித்தது. வேலாயிகூடச் சிரித்தாள். மருதாசலத்தின் காது சிவந்தது. பேனாவை எடுத்து, பார்வைக் குறிப்பில் "தகுதியில்லை" என்று எழுதி, தெய்வம்மாவிடம் திருப்பினார். "கையெழுத்துப் போடுங்க."

தெய்வம்மா அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை வாசித்தாள். அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். ஆனால் பேனாவைத் தொடவில்லை.

"காரணத்தையும் எழுதுங்க சார்."

"எதுக்குங்க அதெல்லாம்?"

"எனக்குப் பாடம் நடத்தத் தெரியலைன்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாது. நிலா பூமியிலயிருந்து பொறந்ததுன்னு சொல்லிக் குடுத்தா, அதனால தகுதியில்லை. அப்படியே எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்து."

பஸ் ஹாரன் கீழ்வளைவில் கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். தெய்வம்மா ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மூக்கம்மா குறுக்கே கையை விட்டு அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நானும் கேட்டேனில்ல அந்தப் பாடத்தை? நானும் சாட்சி."

"அட, அதுல நீங்க போடப்படாதுங்க!" மருதாசலம் கோப்பை இழுத்தார். மூக்கம்மாவின் முழங்கை அதன்மேல் அழுத்தமாக ஊன்றியிருந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு அவள் மூ போட்டாள், க்க போட்டாள், தன் பெயரை முழுக்க எழுதி முடித்தாள். அடுத்து வேலாயி. அதற்குள் பெண்கள் மேசையிலிருந்து வாசல்வரைக்கும் வரிசையாக நின்றுவிட்டார்கள். தள்ளுமுள்ளு இல்லை. வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

பஸ் போய்விட்டது. மருதாசலம் கடைசிப் பெயர்வரைக்கும் பார்த்தார். பிறகு கோப்பில் ஐந்து மாதத்துக்கு முந்தைய சேர்க்கைப் பட்டியலைத் திருப்பினார். அதில் இருபத்திரண்டு பெயருக்கும் நேராக இருந்தது கைநாட்டு. அந்தக் கைநாட்டை ஒருமுறை, இந்தக் கையெழுத்தை ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்தார்.

"இதை நான் எப்படீங்க மேல அனுப்பறது?" என்றார்.

"உள்ளதை உள்ளபடி அனுப்புங்க" என்றாள் தெய்வம்மா.