பதினெட்டாம் அத்தியாயத்தில் செத்தவள்

"சத்தமே வரக்கூடாது. தும்மல் வந்தாக்கூட தலகாணிய மூஞ்சில வச்சு அமுக்கிக்கிட்டுத் தும்மு" என்று சொல்லிவிட்டு அம்மா பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

"பாத்ரூம் வந்தா?" என்று உள்ளிருந்து மகள் கேட்டாள்.

"அடக்கிக்க. பதிப்பாளர் அரைமணி நேரத்துல போயிடுவாரு."

"ஆமால்ல, செத்தவங்களுக்கு அதெல்லாம் வராதில்ல. மறந்தே போச்சு."

அம்மா வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே மகளுக்கு வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் உடனே அதை எடுத்தும் விட்டாள். விருந்தாளி வரும்போதெல்லாம் இப்படிப் போடுவதும் எடுப்பதுமாக ஏழு வருஷம் ஓடிவிட்டது.

முப்பத்துநாலு வயதுப் பெண் சொந்த வீட்டில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருப்பது ஏன் என்று கேட்பீர்கள். அவள் செத்துப்போய்விட்டாள் என்பதுதான் காரணம். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் சொன்னார். அவர் எழுத்தாளர், எதையும் சொல்லலாம்.

முதலில் அவளைப் புதைத்தவள் அம்மாதான். இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே, வீட்டில் தானும் மகனும் மட்டும்தான் என்று கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள். "வீட்ல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எம்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்பது அவள் நியாயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் பிள்ளையோடு பத்து நிமிஷம் பேசினார்கள், அவர் தன் எழுத்தைப் பற்றி ஒன்பது நிமிஷம் பேசினார், எழுந்து போய்விட்டார்கள். பழி மட்டும் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தங்கையை வைத்துத்தான் அண்ணன் ஒரு நாவல் எழுதினார். அவருடைய புத்தகங்களில் விலைபோன ஒன்றே ஒன்று அதுதான். கதையில் வலிப்பு வரும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொரு முறை தெளிந்ததும் கண்ணைத் திறந்து ஒரு தத்துவம் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டே குடிகார அண்ணன் திருந்துகிறான். அவன் முழுசாகத் திருந்தியதும், அவளுக்கு இனி வேலை இல்லை என்பதுபோல், பதினெட்டாம் அத்தியாயத்தில் அவன் மடியில் தலைவைத்துச் சாகிறாள். படித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். கதையை முதன்முதலில் படித்த பதிப்பாளர் கண் கலங்கி, "அந்தத் தங்கச்சி இப்ப...?" என்று இழுத்தார். எழுத்தாளர் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், 'மறைந்த என் தங்கைக்கு' என்று முதல் பக்கத்தில் அச்சாகிவிட்டது.

அதையும் அவள்தான் ப்ரூஃப் பார்த்தாள். அண்ணனின் கையெழுத்து அவருக்கே புரியாது. அதைக் கணினியில் அடித்துக் கொடுப்பதும், அச்சுக்கு முன் வரும் தாள்களில் பிழை திருத்துவதும் பின்னறையில்தான் நடந்தன. 'மறைந்த' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். அண்ணன் அதை ரப்பரால் அழித்தார். "புக்குலதானே சாகுற, விடு" என்றாள் அம்மா.

அண்ணனும் தங்கையும் வேலை செய்யும் முறையே அதுதான். அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். அவர் வேண்டியதை மட்டும் சிவப்பு மையில் தன் கையால் எழுதிக்கொண்டு பென்சிலை அழித்துவிடுவார். ஆறாம் பதிப்புக்குப் புதிதாக அச்சுக் கோத்த தாள்கள் வந்தபோது ஊர் ஊராகப் பாராட்டுக் கூட்டம். சால்வைகளை மடித்து வைக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. பென்சிலை அழிக்காமல் அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டார்.

அந்த உறையோடுதான் பதிப்பாளர் இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"சார், நாப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க. 'வலிப்பு தெளிஞ்சவ தத்துவம் சொல்லமாட்டா. மணி என்னன்னு கேப்பா. அப்புறம் தூங்கிடுவா.' இதக் கேளுங்க: 'நாவல் முழுக்க இவளுக்கு யாரும் ஒரு மாத்திரைகூடக் குடுக்கல. செத்ததுல ஆச்சரியமே இல்ல.' கடைசி அத்தியாயத்துல, 'சாகப்போறவ ரெண்டரைப் பக்கம் பேசுறா. மூச்சு எப்ப விடுவா?' யாரு சார் எழுதுனது?"

எழுத்தாளர் தேள் கொட்டிய திருடனைப்போல் இருந்தார். கத்தவும் முடியவில்லை. "நான்தான். என் எழுத்தை நானே கொஞ்சம் கண்டிப்பாப் பாக்குற பழக்கம்" என்று மென்று விழுங்கினார்.

"அடேங்கப்பா! இப்படி ஒரு ஆளத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன். அலமாரி நிறைய கையெழுத்துப் பிரதி கிடக்கு. கால் விளங்காதவன் கதைன்னா கடைசிப் பக்கத்துல எந்திரிச்சு நடக்குறான். கண்ணு தெரியாதவன்னா பாட ஆரம்பிச்சிடுறான். பேசாத பிள்ளைன்னா கணக்குல புலி. இதுல எதுவும் ஒத்து வரலன்னா கொன்னுடுறாங்க. இதையெல்லாம் படிச்சு, இது பொய், இது மெய்னு ஓரத்துல எழுத ஆள் வேணும். ஆபீஸ்ல மேஜை, மாசச் சம்பளம், புத்தகத்துல பேரு, எல்லாம் உண்டு."

பின்னறையில் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். பதினாலு வயதில் வகுப்பறையில் விழுந்ததற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். அதற்குப்பின் தபால் வழியில் படித்துத் தேர்வுகளில் தேறியவள். தனக்கென்று ஒரு மேஜை அவளுக்கு எங்கேயும் இருந்ததில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் அவள் எழுதியதைப் படித்துச் சிரிக்கிறார், அவளுக்கே அந்த வேலையைக் கொடுக்கிறார், அது அவள் என்று தெரியாமல். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் கொஞ்சம் அதிகம்.

"நானே பாக்குறேன், அதுக்கென்ன" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

"அப்ப அந்த அலமாரியிலேருந்து கொண்டாந்த இந்த ஒரு பக்கத்த மட்டும் இப்ப பாத்துக் குடுங்க சார். டீ குடிக்கிற நேரம்தான். ஆசையா இருக்கு."

எழுத்தாளர் தாளை வாங்கினார், பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எனக்குத் தனியா உக்காந்தாத்தான் ஓடும்" என்று எழுந்து பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சீக்கிரம் எழுதிக் குடு" என்று கிசுகிசுத்தார்.

"செத்தவங்க ப்ரூஃப் பாக்குறதில்ல."

"வெளயாடாத. வேலைய நான் வாங்கிக்கிறேன், நீ இங்கயே உக்காந்து பாரு. பேரு எதுவா இருந்தா என்ன? உனக்கு எதுக்கு அலைச்சல்? பஸ்ல எங்கயாவது விழுந்துட்டா?"

"விழுந்தா எந்திரிப்பேன். இதுவரைக்கும் முந்நூறு தடவ எந்திரிச்சிருக்கேன். நீதான் புக்குல எந்திரிக்க விடல."

"அம்மாவ நெனச்சுப் பாரு."

"ஏழு வருஷமா இந்த மெஷினோட சத்தத்தக் கேட்டுக்கிட்டு அம்மாவத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். தள்ளுண்ணா."

அண்ணன் தள்ளவில்லை. அவளே அவரைத் தள்ளினாள். கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலோடு வெளியே வந்தாள். சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்ற அம்மா, "வேணாண்டி" என்று குறுக்கே வந்தாள். அதற்குள் பதிப்பாளர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

இது நாவலாக இருந்தால் சரியாக இந்த இடத்தில் அவளுக்கு வலிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலிப்புக்குக் கதை அமைக்கத் தெரியாது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பதிப்பாளருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தத் தாளில் ஒரு செவிட்டு மனிதன், முதுகுக்குப் பின்னால் காதலி அழுவதைக் கேட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். அதன் ஓரத்தில், 'எப்படி?' என்று ஒரே சொல் எழுதி நீட்டினாள்.

பதிப்பாளர் அந்த எழுத்தைப் பார்த்தார், உறையிலிருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க...?"

"பதினெட்டாம் அத்தியாயத்துல செத்தவ."

பதிப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் வியாபாரி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீங்க உயிரோட இருக்கறதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம்மா" என்று ஆரம்பித்தார். "ஆனா ஆறாம் பதிப்பு வர்ற நேரம் பாருங்க. வாசகர்கள் உங்களுக்காக அழுதிருக்காங்க. அதனால கொஞ்ச நாளைக்கு வீட்ல இருந்தே, வெளிய தெரியாம..."

"வீட்ல இருந்தேதான் சார் ஏழு வருஷமா செத்துக்கிட்டிருக்கேன். மேஜை ஆபீஸ்லதான் வேணும். பேரும் வேணும். மொதப் பக்கத்துல அந்த 'மறைந்த'ங்கறத எடுத்துடுங்க."

"ஆபீஸ்ல திடீர்னு வந்துட்டா என்ன பண்றது?"

"ரெண்டு நிமிஷம் காத்திருங்க. எங்கண்ணன் பிரதிக்காக ரெண்டு வருஷம் காத்திருந்தீங்கல்ல?"

பதிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுத்தாளர் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. அன்று டீயை அம்மாதான் குடித்தாள்.

மறுநாள் காலை அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது கீழ்வீட்டுக்காரி கோலப்பொடி விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள். பின்னாலேயே வழியனுப்ப வந்த அம்மாவிடம், "இது யாரு?" என்று கேட்டாள்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "எம்பொண்ணு."

"பொண்ணா? இத்தன வருஷமா எங்க இருந்தா?"

"உள்ளதான் இருந்தா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். புத்தகத்தில் யாரோ ஒருத்தி அண்ணன் மடியில் செத்ததற்கு ஊரே அழுதபோது அவள் அழவில்லை. இப்போதுதான் அழுதாள்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, கதைக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்தது. பதிப்பக ஆபீஸ் என்பதால் எல்லோரும் அந்த நாவலைப் படித்திருந்தார்கள். அதனால் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கணக்கர், நாவலின் எட்டாம் அத்தியாயத்தில் அண்ணன் செய்வதுபோல், அவள் பற்களுக்கு நடுவே வைக்க ஒரு ஸ்பூனோடு ஓடி வந்தார்.

"ஸ்பூன எடுங்கய்யா, பல்லு போயிடும்!" என்று கத்தியவர் பார்சல் கட்டுபவர். ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் கட்டியிருக்கிறாரே தவிர, ஒன்றையும் திறந்து பார்த்தவரில்லை. அவருடைய தம்பிக்கும் வலிப்பு உண்டு. டப்பாவையும் நாற்காலியையும் அப்பால் தள்ளி, ஒரு சாக்கை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தார். உடம்பு உதறுவது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

"மணி என்ன?" என்றாள்.

"ஒண்ணே முக்கால். தூங்கும்மா, சாப்பாடு எங்கயும் போயிடாது" என்றார் பார்சல்காரர்.

கணக்கர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் மறுநாளிலிருந்து ஸ்பூனைச் சாப்பிட மட்டுமே பயன்படுத்தினார்.

ஆறாம் பதிப்பு 'என் தங்கைக்கு' என்ற முதல் பக்கத்தோடு வந்தது. ப்ரூஃப் பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கதையை மாற்ற அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அங்கே செத்தபடியே இருந்தாள். ஒரு பத்திரிகைக்காரர் ஆபீஸுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போய், அவள் உயிரோடு இருக்கும் செய்தியை நாலு வரியில் போட்டார். மறு வாரத்திலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் வேலைகளில் ஒன்று.

முதல் கடிதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. 'இந்நூலை நான்கு முறை படித்து நான்கு முறையும் கதறி அழுதவன் நான். அந்தத் தங்கை உயிருடன் இருப்பதாக அறிந்து மனம் உடைந்துவிட்டேன். பேருந்தில் ஏறி வேலைக்கும் போகிறாளாமே. இது வாசகனுக்குச் செய்த துரோகம். என் கண்ணீருக்கு யார் பொறுப்பு?' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒரு பிழைகூட இல்லை.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். தாளை எடுத்துப் பதில் எழுதினாள்.

'ஐயா, தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு நான்தான் பொறுப்பு. எனினும், சாகும் உத்தேசம் எனக்கு இப்போதைக்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கீழே தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, வழக்கப்படி பதிப்பாளர் மேஜைக்குக் கொண்டுபோனாள். அவர் படித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார்.

"பழைய வாசகர்மா. கொஞ்சம் பாத்துத் திருத்திடுங்களேன்."

"சரி சார்" என்று அவள் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். நின்றபடியே பென்சிலை எடுத்து, 'இப்போதைக்கு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, கடிதத்தை அவரிடம் நீட்டினாள்.