பேப்பர் ஜமீன்தாரின் புகார்

போடிநாயக்கனூரில் ஒரு கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சந்திரவல்லி, தமிழுக்குத் தொண்டு செய்வதற்காக வலைப்பூ தொடங்கவில்லை. 2010இல் மதுரையில் நடந்த மூன்று நாள் பயிற்சியில், ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கிக் காட்டினால்தான் சான்றிதழ் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்து மூன்று நூலகர்கள் தொடங்கினார்கள். நாற்பத்து மூன்று பேரும் 'வணக்கம், இது என் முதல் பதிவு' என்று எழுதினார்கள். சான்றிதழை வாங்கிய கையோடு நாற்பத்திரண்டு பேர் எழுத்துலகிலிருந்து ஓய்வு பெற்றார்கள். சந்திரவல்லிக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

காரணம் இருந்தது. அவளுடையது நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்கும் உத்தியோகம். மற்றவர்கள் வாயையும் மூடச் சொல்வது கூடுதல் பொறுப்பு. சாயங்காலம் சிலமலையில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறும்போது சொல்ல வேண்டியது தொண்டை வரை நிற்கும். கணவர் சின்ராசுவோ விடியுமுன் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். கதையின் இரண்டாவது வாக்கியத்தில் தூங்கிவிடுவார். வலைப்பூ தூங்காது என்பதே அதன் ஆகப்பெரிய நற்குணமாக அவளுக்குப் பட்டது.

முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து படித்ததாக எண்ணிக்கை காட்டியது. அதில் நூற்றைம்பது பேர் அவளேதான். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனபோது கணக்கில் ஏறியவள். குவைத்தில் இருந்து ஒருவர் எல்லாப் பதிவுக்கும் 'அருமை, தொடருங்கள்' என்று பின்னூட்டம் போட்டார். வாசிப்பறைக்குள் சாரைப்பாம்பு புகுந்ததை எழுதினாள். அதற்கும் அருமை, தொடருங்கள்.

பிறகு பதிவர்கள் கூட்டங்கூட்டமாக ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அதையும் காலி செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பும் பணிக்குப் போனார்கள். சந்திரவல்லி இருந்த இடத்திலேயே இருந்தாள். குவைத்காரரைத் தவிர யாரும் படிக்கவில்லை என்பது உறுதியானதும் அவள் எழுத்தில் ஒரு காரம் ஏறியது. நூலகத்துக்கு வருகிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்து வறுத்தெடுக்க ஆரம்பித்தாள். சமையல் குறிப்புப் பக்கத்தைக் கிழிக்கும் ஆசிரியை 'கத்தரிக்கோல் டீச்சர்' ஆனார். மின்விசிறிக்கு நேர் கீழே தூங்குவதற்காகவே போட்டித்தேர்வுக்குப் படித்த இளைஞர் 'வருங்கால கலெக்டர்' ஆனார்.

எல்லோருக்கும் மேலே 'பேப்பர் ஜமீன்தார்'. நிஜப் பெயர் வெள்ளைத்துரை. மலைமேல் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார். ஒரு பேப்பரைக் கையில் பிடிப்பார், ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றுவார், இன்னொன்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். மூன்றும் அவருடைய ஆளுகைக்குள் வந்துவிடும். விளையாட்டுப் பக்கம் மட்டும் கேட்ட ஒருவரிடம், முழுசாகப் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி மறுநாள் தந்தார். இதையெல்லாம் வைத்து இருபத்து மூன்று பதிவுகள் எழுதினாள். அவை தன் இலக்கிய வாழ்வின் உச்சம் என்று அவளுக்கே ஓர் எண்ணம் உண்டு.

போன ஆடியில் அந்த உச்சம் இடிந்து விழுந்தது. வெள்ளைத்துரையின் கோயம்புத்தூர் மருமகள் சுஜிதா, போடியைப் பற்றி இணையத்தில் எதையோ தேடப்போய் வலைப்பூவில் வந்து முட்டிக்கொண்டாள். பேப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் ஜமீன்தார் யாரென்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இருபத்து மூன்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளைத்துரை ஒரு காகிதக் கட்டோடு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் அச்செடுத்து, நூல் போட்டுத் தைத்திருந்தார். ஓரங்களில் சிவப்பு மை. சந்திரவல்லிக்குக் கண்முன்னே மாவட்ட அலுவலகம் தெரிந்தது. விளக்கக் கடிதமும், அதை மூன்று பிரதிகளில் அனுப்பச் சொல்லும் இன்னொரு கடிதமும் தெரிந்தன. பதினைந்து வருடம் யாராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்கியவள், ஒருவர் படித்துவிட்டார் என்றதும் நடுங்கினாள்.

அவர் எதிரே உட்கார்ந்து முதல் தாளைத் திருப்பினார். பேப்பர் மேல் உட்காருவது நிஜம்தான், ஆட்சேபணை இல்லை என்றார். ஜமீன்தார் என்பதிலும் வருத்தமில்லை; பேரன் பேத்திகள் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ஆனால் நாலாவது பதிவில் தேயிலை எஸ்டேட் என்று எழுதியிருப்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"முப்பத்தோரு வருசம் பூப்பாறைக்கு அங்கிட்டு ஏலக்காட்டுல கெடந்தவன். என்னையக் கொண்டுபோயித் தேயிலையில போட்டிருக்க."

திருத்திவிடுவதாக வேகமாகச் சொன்னாள். அவர் கடைசித் தாளுக்கு வந்தார். 2018 ஆகஸ்டில் எழுதியது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றுமே இல்லையே, ஏன் என்று கேட்டார்.

சந்திரவல்லி உண்மையைச் சொன்னாள். அதன்பிறகு அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. கேட்டால் பேப்பரைக் கொடுத்துவிடுவார். கேட்காதவர்களுக்கும் பக்கத்தைப் பிரித்து நீட்டுவார். எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

"அப்ப ஆளு ஒழுங்கா இருந்தா எழுத மாட்ட."

அவர் கடைசித் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'இன்றும் ஒன்பது மணிக்கே ஜமீன்தார் ஆஜர். மழைக்குக்கூட லீவு போடத் தெரியாத மனிதர். ஒரு வகையில் நல்லதுதான். அவர் இங்கே இருக்கும்வரை வீட்டம்மா நிம்மதியாக இருப்பார்.' அதற்குக் குவைத்காரர் மூன்று சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தார்.

"அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் அவ போனா," என்றார் வெள்ளைத்துரை. "வீடு நெறைய ஆளுக. எங்கிட்டுத் திரும்புனாலும் கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாக. இங்கதான் யாரும் பேசக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்க. அதான் வந்து உக்காந்தேன்."

சந்திரவல்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த வரி எழுதிய அன்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பஸ் ஏறியது நினைவுக்கு வந்தது. அன்று அவர் அவளுக்கு எதிரில் நான்கு எட்டில்தான் உட்கார்ந்திருந்தார்; அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரையே கூர்ந்து கவனிக்கிறோம் என்ற நினைப்பில் பதினைந்து வருடம் ஓட்டியவள், வந்திருந்தவர் என்ன நிலையில் வந்தார் என்று பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்கய்யா. இப்பவே எடுத்துர்றேன்."

"எடுக்காத ஆத்தா." அவர் குரல் உயரவில்லை. "அவளப் பத்தி எழுத்துல இருந்தது ரேசன் கார்டுல மட்டுந்தான். அதுல பேர எடுத்துட்டாக. நீயும் எடுத்துட்டா எங்கயும் இருக்க மாட்டா. வீட்டம்மாங்கிறத மட்டும் மாத்து. மூக்கம்மான்னு போடு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினாள். அவர் நிறுத்தி நிதானமாக ஒருமுறை படித்தார். 'மூக்கம்மாள் நிம்மதியாக இருப்பார்.' தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய் நாற்காலியில் அமர்ந்தார். எதன் மேலும் உட்காரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஆனால் வெள்ளைத்துரை, தன்னைப் பற்றி இணையத்தில் இருபத்து மூன்று அத்தியாயம் இருப்பதாகப் பழைய எஸ்டேட் கூட்டாளிகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் வாசகர் எண்ணிக்கை நானூற்றைத் தாண்டியது. கத்தரிக்கோல் டீச்சர் கிழித்த பக்கங்களில் ஏழு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். வருங்கால கலெக்டர் விழித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். உறுப்பினரே அல்லாத ஒருவர் வந்து, தன்னைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள் என்று விசாரித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்டதில் எழுத விஷயமே இல்லாமல் போயிற்று.

சந்திரவல்லி தன் பதிவுகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். சத்தம் போட்டவர்கள், கிழித்தவர்கள், தூங்கியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தொந்தரவே கொடுக்காத ஒருவர்கூட இல்லை. ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வந்து, குனிந்த தலை நிமிராமல் மூன்று புத்தகம் எடுத்துப்போகும் பெண் நினைவுக்கு வந்தாள். பேர்கூடத் தெரியாது. உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினாள்: கலையரசி, ராசிங்காபுரம்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்ததும், ஊரில் எல்லோரும் சௌக்கியமா, இவ்வளவு புத்தகத்தையும் எப்போது படிக்கிறாய் என்று சந்திரவல்லி பேச்சுக் கொடுத்தாள். கலையரசியின் முகம் வெளிறிப்போனது.

"மேடம், என்னைய எழுதிறாதீக. வீட்டுல தையல் கிளாசுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன்."

"ஆறு வருசமாவா?"

"ரொம்பக் கஷ்டமான கிளாசுன்னு சொல்லிருக்கேன்."

பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு விஷயம் சந்திரவல்லியின் கைக்குச் சிக்கியதே இல்லை. எழுதினால் குவைத்திலிருந்து கோயம்புத்தூர் வரை சிரிப்பார்கள். ராசிங்காபுரத்திலும் யாராவது படித்துவிடுவார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று புத்தகத்திலும் தேதி முத்திரையைக் குத்தி நீட்டினாள்.