சுவரில் தேய்ந்த இடம்

2014 ஆகஸ்ட் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில், ஹாலிஎல ரயில் பாதைக்கு மேலேயுள்ள குன்றில் மூன்று அறைகள் கொண்ட ஒரு வீட்டில், சுபாஜினி என்ற முப்பத்தொரு வயதுப் பெண் கணவனால் வெட்டிக் கொல்லப்பட்டாள்.

அந்த வீட்டை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, 2023 பெப்ரவரியில் ஒரு மத்தியானம் ஜெயலெட்சுமி அதன் வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் கணவன் ரெங்கசாமி. முன்னால், மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு தரகர் இப்றாஹீம்.

"மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல," என்றார் இப்றாஹீம். "நடந்தது நடு அறையில. செஞ்சவன் ஜெயிலுக்குள்ள ஈக்கிறான். வீடு அவன்ட அக்காட பேர்ல. வீட்டு உறுதி சுத்தம்."

"சாவு நடந்த வீட்ட வாங்க நாங்க என்ன சவப்பெட்டிக் கடையா வச்சிருக்கோம், இப்றாஹீம் நானா?" என்றான் ரெங்கசாமி.

"ஒங்கட லயத்துல யாருமே மவுத்தாகல்லயா தம்பி?"

"சாவாங்க. அதுக்குனு வெட்டுப்பட்டா சாவாங்க?"

ஜெயலெட்சுமி இருவரையும் கவனிக்கவில்லை. அவள் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நீலச் சாயத்தால் 41/3 என்று வீட்டு இலக்கம் எழுதியிருந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் அவள் நாற்பத்தேழு வருடம் வாழ்ந்திருந்தாள். அந்தக் காம்பராவுக்கு இலக்கமோ விலாசமோ கிடையாது. யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். மகன் ரஜீவை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் அங்கே பதினொரு நாள் கிடந்து, பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்தது. அவன் கட்டாருக்குப் போய்விட்டான். தன் பெயருக்கு நேராக ஓர் இலக்கம் வேண்டும் என்று அவள் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான். பார்த்த வீடுகளில் அவர்களின் கைக்கு எட்டியது இது மட்டுமே. எட்டியதற்குக் காரணமும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"தண்ணி பாக்காம முடிவு சொல்லக்கூடாது," என்றான் ரெங்கசாமி. குழாய்த் தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வந்தது. அரை மணி நேர ஏற்றம்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் உள்ள இருக்கேன்."

"தனியாவா? ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"தனியா இருந்து பாக்காம எப்பிடிங்க தனி வீட்டுல குடியிருக்கிறது?"

அவர்கள் போனதும் மூடுபனி வந்தது. உடைந்த கண்ணாடி வழியாக நடு அறைக்குள் அது அவசரமில்லாமல் நுழைந்து, தரையில் படர்ந்து, மூலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. அறையில் ஒன்றுமில்லை. வெளிறிய பச்சைச் சுவர்கள், ஒரு ஜன்னல். எங்கிருந்தோ ஒரு ரேடியோ மெல்லக் கேட்டது. விடிய முன்னமே பஸ் ஏறிய களைப்பு கால்களில் இருந்தது. கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுவரோரமாகச் சாய்ந்தாள். கண் மூடியதா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை.

லயம் மிதந்து வந்தது. பன்னிரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. சுவர்கள் இருந்தன, ஆனால் மேகம் அவற்றைப் பொருட்படுத்தாமல் முதல் காம்பராவில் நுழைந்து கடைசிக் காம்பராவில் வெளியேறியது. யாரோ இருமினார்கள். யாரோ பானையை இறக்கி வைத்தார்கள். அவர்கள் லயத்தில் எல்லாச் செய்தியும் சுவர் வழியாகத்தான் போகும். விரல் முட்டியால் ஒரு தட்டு என்றால், இருக்கியா என்று அர்த்தம். இரண்டு என்றால் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது. மூன்று என்றால் ஓடி வா. ரஜீவ் பிறந்த அன்று அவள் மூன்று தட்டினாள். கை ஈரத்தோடும் தலை விரிந்தும் ஆறு பெண்கள் வந்து நின்றார்கள்.

கனவில் சுவரின் மறுபக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது. அவளும் ஒன்று தட்டினாள்.

விழித்தபோது முட்டி சுவரில் இருந்தது. முட்டிக்குக் கீழே பச்சை நிறம் இல்லை. ஒரு தேங்காய்ச் சில்லளவுக்குச் சாயம் தேய்ந்து, பூச்சு பொரிந்து, சாம்பல் நிறச் சீமெந்து தெரிந்தது. விரலால் தடவினாள். உள்ளே மெல்லிய குழி. ஆணி அடித்த இடமல்ல, கட்டில் உரசிய இடமுமல்ல. அவளுடைய காம்பராச் சுவரிலும் இதே உயரத்தில் இதே போல ஒன்று இருந்தது.

ஏன் என்று யோசிக்காமல், மூன்று தட்டினாள்.

ரேடியோ சட்டென்று தணிந்தது. பிறகு அடியோடு நின்றது. சற்று நேரத்தில் ஈரப் படிகளில் செருப்புச் சத்தம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து மூச்சு வாங்கினாள். கைகளில் மா ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு.

"யாரு? யாரு உள்ள?"

"வீடு பாக்க வந்தோம்ங்க."

"செவுத்துல தட்டினது நீங்களா?"

"ஆமாங்க."

"அல்லாஹ்வே!" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "அவதான் வந்துட்டாளோன்டு ஓடி வந்தேன்."

அவள் பெயர் றஷீதா, பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் பாறூக்கின் மனைவி. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒன்பதடி ஓடையும் ஆறடி மதிலும் இருந்தன. ஆனால் மதிலுக்கு மேலாக அவளுடைய சமையலறை ஜன்னல் இந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தது; சின்னத் தட்டும் அங்கே கேட்கும்.

"அவளும் இப்பிடித்தான் தட்டுவா," என்றாள் றஷீதா. "காலையில ரெண்டு. அந்திக்கு ஒண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் புள்ள. எங்கட ரேடியோதான் அவளுக்குக் கரச்சல்ன்டு நெனச்சி, தட்டுற நேரமெல்லாம் சத்தத்தக் கொறச்சிருவேன். வாயத் தொறந்து செல்லாம செவுத்துல தட்டுறாளே, என்ன முசுட்டுப் புள்ளன்டு எனக்குக் கோவம். நாலு வருசம் மொகம் குடுத்துப் பேசல்ல."

"அவ செத்த அன்னிக்கு, றஷீதா ராத்தா?"

றஷீதா கைகளைப் பார்த்தாள். "அன்டைக்கி மூணு. திரும்பவும் மூணு. நான் மா பெசஞ்சிக்கிட்டு ஈந்தேன். இனி இவளுக்கு என்னதான் வேணும்ன்டு முழங்கையால ரேடியோவ முழுசா நிப்பாட்டினேன். அதுக்குப் பொறகு தட்டல்ல. பொலிஸ் வந்து சத்தம் ஏதும் கேட்டிச்சான்டு கேட்டாங்க. இல்லன்டு சென்னேன். அதுதான் சத்தம்ன்டு எனக்கு வெளங்கல்ல."

மூடுபனி இருவருக்கும் நடுவே வந்து நின்றது. கீழே ரயில் ஒன்று கண்ணில் படாமல் போனது.

"ஒங்கட தோட்டங்கள்ல அதுக்கு ஏதும் அர்த்தம் ஈக்குதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாலு வருடம் சுவரைத் தட்டிய ஒருத்தியை இன்னொரு முறை பேசாமல் வைப்பது ஜெயலெட்சுமியால் முடியவில்லை.

"ஒண்ணு தட்டினா, இருக்கியானு கேக்கிறது. நீங்க சத்தத்தக் கொறைக்கிறப்பல்லாம் இருக்கேன்னு பதில் சொல்றதா அந்தப் புள்ள நெனச்சிருக்கும்."

"மூணு?"

"ஓடி வானு."

றஷீதா அழவில்லை. எழுந்து, முதல் தடவையாக நடு அறைக்குள் போய், தேய்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மாக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நீங்க இத எடுப்பீங்களா?"

"பயமாத்தான் இருக்கு. பேய்க்கு இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாம நான் ஒரு நாளும் தூங்கினதில்ல."

"நான் ஈக்கிறேனே."

"நீங்க மதிலுக்கு அந்தப் பக்கம்ல இருக்கீங்க. இப்ப வர்றதுக்கே ரோட்டுக்கு எறங்கி, சுத்தி, ஏறித்தான வந்தீங்க?"

"ஓம்," என்றாள் றஷீதா. "ஒரு செருப்பும் போயிட்டு."

"மதில் யாரோடது?"

"எங்கட. அவர்தான் கட்டினாரு."

"அதுல ஒரு வழி வெட்டித் தாங்க. நான் இத வாங்குறேன்."

ரெங்கசாமியும் இப்றாஹீமும் திரும்பியபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. ரெங்கசாமி வாசலில் குந்தி, காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கி எறிந்தான்.

"தண்ணி வத்தாது போலதான் இருக்கு. ஆனா நான் சொல்றதக் கேளு, புள்ள..."

"வாங்குறோம்," என்றாள் ஜெயலெட்சுமி.

"அப்ப அந்த நடு அறை?"

"அதுல நான் படுக்கிறேன். ஒங்களுக்குப் பயமா இருந்தா ஹோல்ல படுங்க."

இப்றாஹீம் சிரிப்பை அடக்கிக் குடையை விரித்தார். மழை இல்லை.

மார்ச் 15ஆம் திகதி பாறூக்கின் ஆட்கள் இருவர் மதிலில் மூன்றடி அகலத்துக்கு வழி வெட்டி, ஓடைக்கு மேலே பலகை போட்டார்கள். கதவு வைக்கவில்லை. 22ஆம் திகதி பதுளையில் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி எழுதப்பட்டது.