புழுதி பெக்கின் பதினொரு வாரம்

1

சிறுவர் படக்கதை இதழ்கள் இந்த டண்டீ ஊரில் ஏன் சாவதே இல்லை என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேல்வீட்டு மொய்ராவிடம் கேட்கப் போனதால் வந்த வினை, கட்டுரை போய் இது வந்தது. சொல்லி முடித்ததும், "இதெல்லாம் எழுதிடாதே" என்றார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, "எழுதினா அவர் பேரைப் போடு" என்றார்.

அவர் பெயர் லாக்லன் டதி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘டே ஆற்றின்மேல் பனி இறங்கிய காலையில், ஒரு மாபெரும் கலைஞன்—’

அடித்துவிட்டேன். லாக்லன் தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. முப்பத்தாறு வருடம், வாரம் ஒரு பக்கம், ‘புழுதி பெக்’ என்ற வாயாடிச் சிறுமியை டண்டீயில் அச்சாகும் ஓர் இதழுக்கு வரைந்தார். வரைந்தவர் பெயரை அந்த இதழ் போடுவதில்லை. படத்தில் கறுப்பு மை நிரப்புவதும் வசனம் எழுதுவதும் மனைவி மொய்ராவின் வேலை. (பெக்குக்கு முப்பத்தாறு வருடமும் ஒன்பதே வயது.)

ஒரு ஜனவரியில் பக்கவாதம் வந்து லாக்லனின் வலது கை விழுந்தது. மருத்துவமனையில் படுத்தபடி குழறிக் குழறி மனைவியிடம் சொன்னார்: ஆபீசுக்குப் போன் போட்டு, பக்கத்தை நிறுத்திவைக்கச் சொல். இடது கையில் பழகிக்கொண்டு வருகிறேன். பெக்கைக் காணோமென்று பிள்ளைகள் கடிதம் போடுவார்கள், எடுத்துவை.

3

மொய்ரா போன் போடவில்லை. பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் இவர் தாங்கமாட்டார் என்ற பயம். சமையலறை மேசையில் தானே வரைந்து, அவர் பெயரில் அனுப்பினார். (மொய்ராவின் திறமையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று எடுத்துவிட்டேன்.)

ஏப்ரலில் லாக்லன் வீடு திரும்பியபோது, இடது கையால் பெக்கின் தலையை ஒருமாதிரி வரையப் பழகியிருந்தார். வந்ததும் கடிதங்களைக் கேட்டார். மொய்ரா இதழ்களை எடுத்துவந்து போர்வைமேல் வைத்தார்.

"யார் போட்டது?"

"நான்தான்."

"எத்தனை வாரம்?"

"பதினொண்ணு."

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குத் தெரியல, லாக்கி."

"பசங்க?"

கடிதங்கள் வழக்கம்போல வந்திருந்தன. எல்லாமே பெக்குக்கு. விழுந்து விழுந்து சிரித்தோம், அடுத்து யாரை மாட்டிவிடப்போகிறாய் என்று. மொய்ரா படிக்கப் படிக்க, லாக்லன் கடைசிக் கடிதம்வரை கேட்டார்.

"பெக்கோட முழங்கால் நல்லா வந்திருக்கு," என்றார். "எனக்கே இப்படி வந்ததில்ல."

அதன்பிறகு அவர் பென்சிலைத் தொடவில்லை. மொய்ரா வரைபலகையை அவர் மடியில் வைத்துப் பார்த்தார், கெஞ்சினார், சண்டை போட்டார். "அவதான் நல்லாயிருக்காளே" என்பதுதான் பதில்.

நவம்பரில் லாக்லன் போய்விட்டார். அந்த வாரமும் பெக் வந்தாள். ரொட்டிக்கடை மாவுத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தாள். ஊரே சிரித்தது.

4

முடிவு ஒன்று: மொய்ரா ஆபீசுக்கு நடந்ததை எழுதுகிறார், லாக்லனின் பெயர் கட்டம்கட்டி வருகிறது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: பேனாவை ஆற்றில்— வேண்டாம், அது சினிமா.

நடந்தது இவ்வளவுதான். இறந்த செய்தியோடு, பக்கத்தை இனித் தானே வரைவதாக எழுதினார். சரி என்று பதில் வந்தது. கண் மங்கும்வரை வரைந்தார். இப்போது வேறு யாரோ வரைகிறார்கள். விற்பனை குறையவில்லை.

நேற்று மொய்ரா என்னைக் கேட்டார்: "அன்னைக்கு நான் போன் போட்டிருந்தா, பசங்க கேட்டிருப்பாங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கிவந்துவிட்டேன். நீங்களும் சிறுவயதில் இந்தமாதிரி இதழுக்குள் முகம் புதைத்துக் கிடந்தவர்தானே. ஒரு வாரம் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால், யாரைத் தேடியிருப்பீர்கள், பெக்கையா, வரைந்தவரையா?

மேல்வீட்டில் காத்திருக்கிறார். என்ன சொல்லட்டும்?