முன்னால் நிற்கிற ஆள்

“பைபிளை அந்தக் கையில வெக்காத, ஜோஷ்வா!”

பாப்பா போட்ட சத்தத்தில் பந்தலில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் அடுத்த அடியை மறந்துபோனார்கள். ஜோஷ்வா தூக்கிய கையோடு அப்படியே நின்றான். குளிர்ப்பெட்டியிலிருந்து அண்ணன் ஆபிரகாமின் உடலை எடுத்து, மரப்பெட்டியில் கிடத்தி, வேட்டியைச் சரிசெய்து, எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்திருந்தான். கடைசியில் பைபிளை வைக்கப் போனபோதுதான் இந்த அதட்டல்.

“இன்னா அண்ணி?”

“எடது கையில வெயிட்டு வெக்கக் கூடாது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. ஜோஷ்வா பைபிளை ஆபிரகாமின் வலது கைக்கு மாற்றினான். புதுச் சட்டையின் இடது கை வீக்கத்துக்கு மேல் இறங்க மறுத்ததால் முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தது. அதையும் யாரும் இழுத்துவிடவில்லை.

ஆறு வருஷமாக அந்த வீட்டில் அந்த இடது கைதான் ராஜா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தாம்புக்கயிறு மாதிரி புடைத்திருக்கும். காதை வைத்தால் கிர்ரென்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் கை நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கையால் பை தூக்கக் கூடாது, அதில் கடிகாரம் கட்டக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. பஸ்ஸில் இடிக்கிறவர்களோடும், பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்ற வந்த நர்ஸோடும், பாசத்தில் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்குகிற போதகரோடும்கூட பாப்பா இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கையில் காதை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நேற்று காலை டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், “ஒரு மாரி கீது பாப்பா” என்றார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். மூக்கில் விரல் வைத்துப் பார்க்கவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. கையில் காதைத்தான் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று முழுக்க அழுதாயிற்று. இன்று மனம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. இழுத்துப் பறித்துக்கொண்டு கிடக்காமல், டீயைக் குடித்துவிட்டு, அதுவும் சந்தோஷமாக இருந்த மறுநாள் போனாரே என்று அவளுக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. அதை வெளியே சொன்னால் வந்திருக்கிற சொந்தக்காரர்கள் வாயில் விழ வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

பந்தலுக்கு வெளியே, கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். ஒல்லியான ஆள், வெள்ளை வேட்டி, வலது கையில் ரோஜா மாலை. இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார். கையை வைத்தே பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மதுராந்தகத்துக் காசிநாதன். செங்கல்பட்டு டயாலிசிஸ் சென்டரில் ஆபிரகாமுக்கு அடுத்த கட்டில். அங்கே வாரத்துக்கு மூன்று நாள் பார்க்கிற முகம்தான். ஆனால் திருக்கழுக்குன்றம் ரோட்டைத் தாண்டி இந்தத் தெருவுக்கு அவர் வந்ததில்லை.

ஜோஷ்வா ஒரு தம்ளரில் டீ எடுத்துக்கொண்டு அவரிடம் போனான். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். தண்ணீர் பாட்டில் நீட்டினான். அதற்கும் வேண்டாம். திரும்பி வரும்போது ஜோஷ்வாவின் முகம் கறுத்திருந்தது.

“மாலையோட வந்துட்டாரு, நம்ம வூட்டு தண்ணி மட்டும் தொண்டையில எறங்காதாம். எந்தக் காலத்துல கீறாங்க இன்னும்?”

“வாய மூடு. உங்கண்ணன் ஒரு நாளைக்கு எத்தினி தம்ளர் குடிச்சாரு?”

ஜோஷ்வா விழித்தான்.

“அவுருக்கும் அதே கணக்குதான். இன்னிக்கி டயாலிசிஸ் நாளு வேற, ஒடம்புல ஏற்கெனவே தண்ணி நின்னுகினு இருக்கும். போய் ஃபிரிட்ஜுல ஐஸ் கட்டி கீது, எடுத்தா.”

தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வது டயாலிசிஸ்காரர்களின் வழக்கம். ஆபிரகாம் சனிக்கிழமை ராத்திரி ஊற்றி வைத்த தட்டு அப்படியே இருந்தது. ஜோஷ்வா ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினான். காசிநாதன் கிண்ணத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஜோஷ்வா எங்கேயோ பார்த்துக்கொண்டு, “உள்ள வாங்கண்ணா” என்றான்.

அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பாப்பாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை சண்டை.

சண்டை என்றால் வரப்புத் தகராறு இல்லை, பணம் காசு இல்லை. போன் விளையாட்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இடது கையில் ஊசியோடு மணிக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே என்று கேளம்பாக்கத்தில் இருக்கும் மகள் ஜாக்குலின்தான் அப்பாவின் போனில் அதை ஏற்றிக்கொடுத்தாள். ஆபிரகாம் அதைப் பக்கத்துக் கட்டில் காசிநாதனுக்குத் தொற்றவைத்தார். அவர் எதிர்க் கட்டில் பூங்கொடிக்குத் தொற்றவைத்தார். மூன்று பேருக்கும் ஆட ஒரே ஒரு கைதான். ராட்சசன் வந்தால் ஆபிரகாம் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவார். காசிநாதன் பின்னாலிருந்து அம்பு விடுவார். பூங்கொடி காயத்துக்கு மருந்து போடுவாள். கேடயக்காரன் ஓட வேண்டாம், அசையாமல் நின்றால் போதும் என்பதால் அது ஒற்றைக் கட்டைவிரலுக்குத் தோதான வேலை. “முன்னால நிக்கிற ஆளு மொதல்ல வுழக் கூடாது பாப்பா. வுழுந்தா மொத்த டீமும் காலி” என்று வீட்டில் வந்து பெருமை பேசுவார். “வூட்ல கரப்பான் பூச்சி அடிக்க ஆளக் காணோம், அங்க ராட்சசனா?” என்பாள் இவள்.

அடுத்த மாதம் புதிதாக ஒரு விளையாட்டு வரப்போகிறது. அதற்கு முன்னாலேயே அவரவர் ஆளைச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். முகம், முடி, உயரம், ஆயுதம் எல்லாம் நம் இஷ்டம். ஆயுதத்தை ஒரு தடவை எடுத்தால் மாற்ற முடியாது. அதில் ஒரு வசதியை ஆபிரகாம் கண்டுபிடித்துவிட்டார். கத்தி எடுத்தவன் கேடயக்காரன் பின்னால் தானாகவே ஓடுவான். அப்படியென்றால் ஒற்றை விரலால் இரட்டைக் கத்தி சுற்றலாம். வேன் ஓட்டிக்கொண்டு மாமல்லபுரத்தில் டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்ட காலத்திலிருந்து யாருக்கும் பின்னால் போகாத மனிதருக்குக் கத்திமேல் அப்படி ஓர் ஆசை.

“காசி, இந்த வாட்டி நீ ஷீல்டு எடு” என்றிருக்கிறார்.

“நானா? மொத அடியிலயே நான் போயிடுவேன்யா. நீயே நில்லு. உனக்குத்தான் பழக்கம்.”

“எங்க ஆளுங்கதான் எப்பவும் முன்னால நின்னு அடி வாங்கணுமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ஆனால் காசிநாதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமை இரண்டு பேரும் காதில் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். பூங்கொடிதான் நடுவில் தவித்தாள்.

பாப்பா எழுந்து கம்பத்துக்குப் போனாள்.

“வாங்கண்ணா. இங்கியே நின்னா எப்பிடி?”

“எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவன் தங்கச்சி? ஒரு வார்த்த பேசாம போயிட்டான். நானும் பேசல. பக்கத்துக் கட்டில்தான். கை நீட்டுனா தொட்டுடலாம்.” ஐஸ் கட்டி கரைந்து வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். “எம்மேல கோவமாவே போயிட்டான் இல்ல?”

பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஆபிரகாம் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து, இரண்டு கையும் விடுதலையாக, போனை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மூக்குக்கு மட்டும் அத்தனை விதம் இருந்தது. “உம் மூக்கு மாரியே பெரிசா வெய்யி, அப்பதான் மூச்சு வுட முடியும்” என்று இவள் நறுக்கிய காய்கறியைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே சொன்னாள். தலையில் காடு மாதிரி முடி வைத்துக்கொண்டார். “ஏன், இந்த வழுக்க போதாதா?” என்று கேட்டதற்கு, “ஓசிதான, வெச்சிக்கறேன்” என்றார். தழும்பு வைக்கிற இடம் வந்ததும் மற்றவர்கள் எல்லாம் கன்னத்தில் வைப்பார்களாம், இவர் தேடிப்பிடித்து இடது கையில் வைத்தார்.

“அங்கியும் எதுக்குய்யா அது?”

“அப்பதான் நான்னு தெரியும்.”

இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து அவர் போனை எடுத்து வந்து, திறந்து காசிநாதன் கையில் கொடுத்தாள். கருகருவென்ற முடியும் பெரிய மூக்குமாக ஒருவன் நின்றான். முதுகில் இரண்டு கத்தி.

காசிநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். “கத்திதான் எடுத்துருக்கான்” என்றார் மெதுவாக. “அப்ப கோவம்தான்.”

“இன்னாண்ணா நீ, விளையாடறவரு நீ, எனக்கு நீ சொல்லணும். முன்னால ஒரு ஆளு ஷீல்டோட ஓடுனாத்தான அந்தக் கத்தி ஓடும்?”

“ஆமா.”

“எடுத்தா மாத்த முடியாதாமே.”

“முடியாது.”

“அப்ப யார நம்பி எடுத்தாரு? பூங்கொடியயா?”

காசிநாதன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். ஒரு விரலால் தட்டித் தட்டித் தேடினார். அவருடைய ஆள் வந்தான். நல்ல உயரம், வாட்டசாட்டம், இரண்டு கையும் மொழுமொழுவென்று ஒரு தழும்பு இல்லாமல். முன்னால் கதவு அகலத்துக்கு ஒரு கேடயம்.

“ஞாயித்துக்கெழம ராத்திரி பண்ணேன். இன்னிக்கி வந்து ஊசி போடறப்ப காட்டலாம்னு.” மூக்கை உறிஞ்சினார். “கையில தழும்பு வெக்கல. அங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்னு.”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் பெண்டாட்டியே சிரிக்கிறாளே என்று இரண்டு மூன்று தலைகள் திரும்பின. திரும்பட்டும் என்று இருந்துவிட்டாள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல ஜோடிதான்.

காசிநாதன் உள்ளே வந்து மாலையைப் போட்டார். குனிந்து இடது கையைத் தொடப் போனவர், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். ஊசிக் கையை அடுத்தவர் தொடக் கூடாது என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்தா தெரிய வேண்டும்?

“தொடுண்ணா. இனிமே ஒண்ணும் ஆவாது.”

உள்ளங்கையை அந்தப் புடைப்பின்மேல் வைத்தார். தினமும் தன் கையில் வைத்துப் பார்க்கிற அதே இடம். கொஞ்ச நேரம் காத்திருந்தார், எதற்காகவோ. அப்புறம் தன் இடது கையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. பூங்கொடி. ஸ்பீக்கர் இல்லாமலே அவள் குரல் பந்தலுக்குக் கேட்டது. “அண்ணா, மிஷின் போட்டுட்டாங்கோ, உன் கட்டிலு காலியா கீது, எங்க கீற நீ?”

“இன்னிக்கி வரலம்மா. அடக்கம் முடிச்சிட்டு வரேன். நாளைக்கி கேட்டுப் போட்டுக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

பாப்பாவின் முகம் மாறியது. சனிக்கிழமை மிஷின் போட்டது, ஞாயிறும் திங்களும் இல்லை, இன்று செவ்வாய். அந்த இடைவெளிதான் பொல்லாதது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும். அவர் கணுக்காலைப் பார்த்தாள். செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது.

“கெளம்புண்ணா.”

“தங்கச்சி, ஒரு பிடி மண்ணு போடாம…”

“மண்ணு போட இங்க நூறு பேரு கீறாங்க.”

“அவன இப்பிடி வுட்டுட்டு நான் போயி மிஷின்ல படுத்துக்கறதா? மனசு கேக்கல.”

“ஷீல்டு எடுத்தது நீதான?” அவள் குரல் பைபிளுக்குப் போட்ட அதே சத்தத்துக்கு ஏறியது. “முன்னால நிக்கிற ஆளு மொதல்ல வுழக் கூடாது. அங்க ஒருத்தி தனியா கீறா. போ!”

காசிநாதன் குழந்தை மாதிரி தலையாட்டினார். ஜோஷ்வா அதற்குள் தெருமுனைக்கு ஓடி, மாலை இறக்க வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்தான். அவரை உட்காரவைத்துவிட்டு டிரைவரிடம் அவன் சொன்னது பந்தல் வரை கேட்டது.

“அண்ணாத்த, நேரா செங்கல்பட்டு. வழியில ஆளு ஏத்து, வேணாங்கல. ஆனா இவுரு எடது கைப் பக்கம் எவனையும் ஒக்கார வெக்காத.”

ஆட்டோ திரும்புகிற வரை பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். காசிநாதன் இடது கையை உள்பக்கமாக வைத்து, வலது தோளை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து கடல் காற்று வந்து பந்தல் துணியை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் போனது.

போதகர் வந்துவிட்டார். பெண்கள் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு ஜோஷ்வா கால்மாட்டில் வந்து நின்று, அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவள் கொஞ்சம் இரு என்று கண்ணால் சொன்னாள்.

பெட்டியோரம் மண்டியிட்டு, ஆபிரகாமின் இடது கைமேல் தன் இரண்டு கைகளையும் வைத்தாள். இத்தனை வருஷம் வைக்காத பாரத்தை எல்லாம் சேர்த்து, நன்றாக அழுத்தி வைத்தாள். பாட்டு முடிகிற வரை எடுக்கவில்லை.